வெற்றியோட கட்ட வெரலு

குந்துங்க மேடம். இல்ல இல்ல, கடிக்கல்லாம் மாட்டான். முப்பத்தி நாலு வயசு ஒடம்பு, மூணு வயசு புத்தி, அவ்ளோதான். வெற்றின்னு பேர வெச்சி, படகையும் வூட்டையும் இவன் பேர்ல எழுதிட்டு எங்கப்பன் போய்ச் சேந்துட்டான். அக்கா நான்தான் பாத்துகினு கீறேன்.

கார்டியன் பேப்பருக்கு எழுதிப் போட்டு ஒன்ற வருசம் ஆச்சு. இப்பதான் விசாரிக்க வழி தெரிஞ்சுதா உங்களுக்கு? கோச்சுக்காதீங்க, வயிறு எரியுது, கேக்குறேன்.

ஆமா, அந்த ஜெகதீசன் எங்க சித்தப்பன் புள்ளதான். இவனுக்கு ஒண்ணும் புரியாதுன்னு நெட்டுக்குப்பம் பூராத் தெரியும். குச்சி ஐஸ் ஒண்ணு வாங்கிக் குடுத்து, கைநாட்டு வாங்கி, படக வித்துட்டான். ஸ்டேஷனுக்கு ஓடுனேன். ஏம்மா பூவம்மா, உன் தம்பி மேஜரு, அவனாதான வெச்சிகிறான், நாங்க இன்னா பண்றதுன்னு சிரிக்கிறாங்கோ.

அப்பால அந்த ஜெகதீசன் வூட்டையும் எழுதி வாங்க பத்திரத்தோட வந்தான். நான் ரோட்டாண்ட மீன் பொரிச்சுகினு இருந்த நேரம். சத்தம் கேட்டு ஓடியாந்தா, இவன் கைய உருவிக்கப் பாக்குறான், அவன் இவன் செவுள்லயே அறைஞ்சு அறைஞ்சு வெரல மையில அழுத்துறான். இவன் வாயெல்லாம் ரத்தம். துடுப்ப எடுத்து அவன் தோள்பட்டையில போட்டேன். எலும்பு ஒடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது. அப்பவும் நான் வுடல. முட்டியில ரெண்டு. பத்திரத்த அடுப்புல போட்டேன். பாவமெல்லாம் படல மேடம், இன்னும் நாலு போட்டிருக்கணும்.

நொண்டிகினு போறவன் திரும்பி நின்னு சொல்றான், எத்தினி நாளுடி காவ காப்ப, இவன் வெரலு எங்க போயிடும்னு. கரெக்டாதான சொன்னான்? நான் கடைக்குப் போவாட்டி சோறு ஏது?

இன்னாது அது, மை டப்பாவா? ஃபைலுக்கு இவன் ரேகை வோணுமா? உள்ள வைங்க மேடம், கெடைக்காது. அன்னிக்கே மீன் பொரிக்கிற கல்லப் பழுக்கக் காய வெச்சு, இவன மடியில கெடத்தி, ரெண்டு கட்ட வெரலயும் நான்தான் அழுத்துனேன். கத்துன கத்துல பக்கத்து வூட்டுக்காரி கதவ ஒடைக்கப் பாத்தா. ஆஸ்பத்திரில, அடுப்புல கைய வெச்சிட்டான்னு சொல்லிட்டேன். உங்களாண்ட பொய் சொல்ல வாய் வரல.

எழுதிக்கோங்க. இதுக்கு மேலயும் கார்டியன்னு என் பேர போடுவீங்களா, மாட்டீங்களா? அத்த மட்டும் சொல்லிட்டுப் போங்க.