டிவிக்குள்ளேர்ந்து வந்தவரு

மதி: ...கண்ணே சிமிட்டலப்பா. அப்படியே பாத்துக்கினே இருந்தாரு.

அப்பா: யாரு?

மதி: கார்ட்டூன்ல வர்ற முயல்குட்டியோட அப்பா. டிவிக்குள்ளேர்ந்து வந்தவரு. எத்தினி வாட்டி சொல்றது உனக்கு?

அப்பா: சரி, கோச்சிக்காத. சிக்னல் வுட்டு வுட்டு வருது. மொதல்லேர்ந்து சொல்லு.

மதி: முயல்குட்டி அப்பா தூர ஊர்ல வேல செய்றாரு. டெய்லி சாயந்திரம் அவங்க வூட்டு டிவில வருவாரு. நாற்காலி போட்டு உக்காந்துக்கினு, சாப்ட்டியா குட்டின்னு கேப்பாரு.

அப்பா: உங்க அப்பா மாதிரி.

மதி: நீ எங்க நாற்காலில உக்கார்ற? இப்பல்லாம் தரையிலதான் உக்காந்திருக்க.

அப்பா: ம்... அப்புறம்?

மதி: ஒரு நாளு டிவி கண்ணாடில கைய வெச்சாரு. கண்ணாடி தண்ணி மாதிரி ஆயிடுச்சி. கை வெளிய வந்துச்சி... காது வந்துச்சி... மூஞ்சி வந்துச்சி...

அப்பா: போதும்மா. எனக்கே பயமா இருக்குது.

மதி: பொய். பெரியவங்க பயப்பட மாட்டாங்க.

அப்பா: யாரு சொன்னது? நல்லா பயப்படுவோம்.

மதி: ப்பா, உன் பின்னாடி வெள்ளையா மலை மாதிரி இருக்குதே, அது இன்னா?

அப்பா: இதுவா... மணலு. குவைத் மணலு.

மதி: மணலு இவ்ளோ வெள்ளையாவா இருக்கும்?

அப்பா: இங்க வெயிலு ஜாஸ்தி இல்ல... வெளுத்துப் போச்சி.

மதி: அதுக்கு ஏன் ஓலை போட்டு மூடி வெச்சிருக்காங்க? எங்க ஊரு உப்பு மாதிரி.

அப்பா: காத்துல பறந்துடும்ல.

மதி: அங்க பனமரம் இருக்குதா?

அப்பா: பேரீச்ச மரம். அதோட ஓலை.

மதி: ம்ம்... ப்பா, நாய் கொலைக்குது.

அப்பா: ஆமா, இங்க ஒரு நாய் திரியுது.

மதி: எங்க வூட்டாண்டயும் கொலைக்குது. சேட்டு மாமா நாயி.

அப்பா: அப்படியா?

மதி: ரெண்டும் ஒண்ணா நிறுத்திடுச்சி.

அப்பா: நாய்ங்கன்னா அப்படித்தான். அத வுடு. வூட்ல இருக்காரே, அந்த மாமா... அவரு எங்க?

மதி: இல்ல. டெய்லி நீ போன் பண்ற நேரத்துக்கு கரெக்டா வெளிய போயிடுவாரு.

அப்பா: அவரு நல்லவரா, கெட்டவரா?

மதி: தெரியாது. உன்ன மாதிரியேதான் இருக்காரு. ஆனா நீ சின்னதா இருக்க, அவரு கதவு ஒசரம் இருக்காரு.

அப்பா: உனக்கு எதுனா வாங்கியாந்தாரா?

மதி: பொம்ம, லைட் எரியற ஷூ, சாக்லேட்டு. நான் எதையும் தொடல.

அப்பா: சாக்லேட்டக்கூடவா?

மதி: ...ஒண்ணே ஒண்ணு. அவரு பாக்கறப்ப இல்ல.

அப்பா: கண்ணு சிமிட்டறாரா அவரு?

மதி: ரொம்ப சிமிட்டறாரு. நேத்து சோறு துன்றப்ப பூரா சிமிட்டிக்கினே இருந்தாரு. கண்ணுல தூசி வுழுந்துச்சான்னு அம்மாவே கேட்டுச்சி.

அப்பா: பாவம், கண்ணு வலிச்சிருக்கும் அந்த ஆளுக்கு.

மதி: ப்பா, கைய காட்டு. அது இன்னா கையில?

அப்பா: வாட்ச். இங்க ஒரு கொழந்த, நான் தூங்கறப்ப செவப்பு பேனாவுல வரஞ்சி வுட்டுட்டு போயிடுச்சி.

மதி: நல்லா இருக்குதா?

அப்பா: சூப்பரா இருக்குது. வாரு, பக்கிள் எல்லாம் இருக்குது. முள்ளுதான் போட மறந்துட்டாங்க.

மதி: மறந்திருக்க மாட்டாங்க.

அப்பா: உனக்கு எப்படித் தெரியும்?

மதி: சும்மா... சொன்னேன்.

அம்மா: மதி, போன குடு. சார்ஜ் கம்மியா இருக்குது பாரு. போயி மூஞ்சி கழுவிக்கினு வா.

மதி: நான் இன்னும் பேசணும்.

அம்மா: அப்பா லைன்லதான் இருப்பாரு, எங்கயும் ஓடிட மாட்டாரு. போ... இன்னாங்க, இன்னிக்கும் வெயில்லதான் உக்காந்திருக்கீங்களா?

அப்பா: உப்பு அம்பாரத்து நெழல்லதான் இருக்கேன். அவ எங்க?

அம்மா: தோட்டத்துப் பக்கம் போயிட்டா. கொழாவ தெறக்கற சத்தம் கேக்குது. பேசுங்க.

அப்பா: ஜன்னல மட்டும் தெறந்துடாத. தெறந்தா நேரா என் மூஞ்சிதான் தெரியும்.

அம்மா: இருவது நாளா சொந்த வூட்டுக்கு எதிர்ல உக்காந்துக்கினு சொந்த வூட்டுக்கே போன் போடறீங்க. உங்க அக்கா சிரிக்குது.

அப்பா: சிரிக்கட்டும். வூட்டுக்குள்ள வந்தா நான் யாரோ ஒரு மாமா. இந்த வரப்புல வந்து உக்காந்தாத்தான் நான் அவளுக்கு அப்பா.

அம்மா: ஒரு வயசுல உங்கள பாத்தவ. இப்ப ஆறு. அவளுக்கு இன்னா தெரியும்?

அப்பா: அவள சொல்லல மலரு. காருலேர்ந்து எறங்கறேன். ஓடியாந்து கட்டிக்குவான்னு பாக்கறேன். பீரோ பின்னாடி போயி ஒளிஞ்சிக்கினா. சாயந்திரம் போன கையில வெச்சிக்கினு, அப்பா ஏன் இன்னும் கூப்புடலன்னு அழுவறா. நான் கதவாண்டயே நிக்கறேன்... எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

அம்மா: எல்லாம் அந்த கார்ட்டூனால வந்தது. கொழந்தைங்களுக்குன்னு எடுத்துட்டு இப்படியா பயங்காட்டுவானுங்க? நீங்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் போட்டான். அந்த முயலு டிவியவுட்டு வெளிய வந்து முழிக்குது, இவ என் பொடவைக்குள்ள பூந்துக்கினா. ஒடனே நிறுத்திட்டேன்.

அப்பா: அப்புறம் இன்னா ஆச்சாம் அந்தக் கதையில?

அம்மா: யாருக்குத் தெரியும்? கெட்டவனாத்தான் இருப்பான். அப்பாவாட்டம் வேஷம் போட்டுக்கினு வந்திருப்பான்.

அப்பா: அதுக்குத்தான் நானும் கண்ண சிமிட்டிக்கினு திரியறேன். இருவது நாளா பைத்தியக்காரனாட்டம்.

அம்மா: நேத்து எனக்கு சிரிப்பும் வந்துச்சி, அழுகையும் வந்துச்சி.

அப்பா: இந்த வாட்ச்ச யாரு வரஞ்சது?

அம்மா: மத்தியானம் உங்க அக்கா பேத்தி வந்து ஆடிக்கினு இருந்தா. அவளாத்தான் இருக்கும். ஏன், தேச்சி கழுவிடறதுதான?

அப்பா: வேணாம். ஒரு கொழந்தையாவது பயப்படாம என் கையத் தொட்டிருக்குது. இருந்துட்டு போவட்டும்.

அம்மா: இப்படிப் பேசாதீங்க...

அப்பா: ஞாயித்துக்கெழம டிக்கெட்டு. இன்னும் மூணே நாளு. அவகிட்ட சொன்னியா?

அம்மா: இன்னான்னு சொல்றது? வந்தவரு யாருன்னே அவ ஒத்துக்கல. அவரு போறாருன்னு எப்படி சொல்ல? பெட்டியக்கூட அவ தூங்கறப்பதான் பரண்லேர்ந்து எறக்கனேன்.

அப்பா: பழகாம இருக்கறதும் நல்லதுதான்னு சில நேரம் தோணுது. பழகிட்டு வுட்டுட்டுப் போறது அதவிட பாவம். ஆனா ஒரே ஒரு வாட்டி அவள தூக்கணும் மலரு. எவ்ளோ வெயிட்டு இருப்பான்னுகூட எனக்குத் தெரியல.

அம்மா: பதினெட்டு கிலோ. போன மாசம் ஸ்கூல்ல பாத்தாங்க.

அப்பா: நம்பர வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?

அம்மா: ...வர்றா, வர்றா. பேச்ச மாத்துங்க.

அப்பா: இல்ல, நானே இன்னிக்கி கேட்டுடறேன். போன அவகிட்ட குடு.

மதி: ப்பா, மூஞ்சி கழுவிட்டேன். பவுடர் போட்டிருக்கேன், தெரியுதா?

அப்பா: நல்லாத் தெரியுது. மதி, அந்த முயல்குட்டி கதையில மிச்சம் இன்னா ஆச்சி?

மதி: அம்மா டிவிய நிறுத்திட்டாங்க.

அப்பா: நீ வேற எங்கயும் பாக்கலியா?

மதி: சொன்னா அம்மா திட்டும்.

அப்பா: அம்மா திட்டாது. நான் சொல்லிக்கறேன்.

மதி: அத்த வூட்ல பாத்தேன். அத்த போன்ல. மூணு வாட்டி.

அப்பா: பயமா இருக்குதுன்ன, அப்புறம் ஏன் அத மூணு வாட்டி பாத்த?

மதி: அடுத்த வாட்டி வேற மாதிரி முடியும்னு நெனச்சேன்.

அப்பா: அந்த ஆளு கெட்டவரா?

மதி: இல்லப்பா. நெசமாவே அவங்க அப்பாதான்.

அப்பா: அப்ப ஏன் கண்ணு சிமிட்டல?

மதி: குட்டிய பாத்துக்கினு இருந்தாரு. அதான் சிமிட்டல.

அப்பா: குட்டிய பாத்துக்கினா...

மதி: ப்பா, லைன்ல இருக்கியா?

அப்பா: இருக்கேன். சொல்லு.

மதி: ரெண்டு பேரும் கேரட்டு நட்டாங்க. ஊஞ்சல் ஆடுனாங்க. குட்டி அவரு முதுகு மேல ஏறி தூங்குச்சி. அப்புறம் லீவு முடிஞ்சி அவரு போயிட்டாரு. டிவி வழியா போவல. பஸ் ஏறி போயிட்டாரு.

அப்பா: ம்.

மதி: மறுநாளு சாயந்திரம் குட்டி டிவிய போட்டுச்சி. நாற்காலி மட்டும் இருந்துச்சி. அவரு இல்ல. ஒரு மியூசிக்குகூட இல்லப்பா. குட்டி அந்த நாற்காலியவே பாத்துக்கினு உக்காந்திருந்துச்சி... அவ்ளோதான். முடிஞ்சிடுச்சி.

அப்பா: நீ பயந்தது அதுக்கா? அவரு வெளிய வந்ததுக்கு இல்லியா?

மதி: வெளிய வந்ததாலதான உள்ள காலியாச்சி.

அம்மா: கடவுளே... நான் பாதியில நிறுத்திட்டு இன்னான்னமோ நெனச்சிக்கினேனே.

மதி: ம்மா, நீ ஒட்டுக் கேக்கறியா?

அப்பா: மதி, இங்க பாரு. நான் எங்க இருக்கேன் இப்ப?

மதி: குவைத்துல.

அப்பா: நெசமா?

மதி: நீதான சொன்ன.

அப்பா: பொய் சொன்னேன்.

மதி: தெரியும். ஜன்னல சாத்தனாலும் நடுவுல சந்து இருக்குது. டெய்லி உன்ன பாத்துக்கினுதான் பேசறேன்.

அப்பா: அப்ப... வூட்ல இருக்கறது யாருன்னு...

மதி: நீதான்.

அப்பா: தெரிஞ்சிக்கினா மாமான்னு சொன்ன? ஏன்டா கண்ணு?

மதி: அப்பான்னு கூப்ட்டா நீ வெளிய வந்துட்டன்னு ஆயிடும். அப்புறம் போன் காலியாயிடும்.

அம்மா: ஏன்டி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

மதி: நீ அப்பாகிட்ட சொல்லிடுவ. நான் தூங்கிட்டேன்னு நெனச்சி ராத்திரி எல்லாத்தையும் பேசறீங்கல்ல, எனக்குக் கேக்கும்.

அப்பா: மதி, நல்லா கேட்டுக்க. நான் எங்க போனாலும் போன்ல வருவேன். சாயந்திரம் நாலரைக்கு. அஞ்சு வருசமா ஒரு நாளாவது வராம இருந்திருக்கனா?

மதி: எனக்கு ஜொரம் வந்தப்ப வரல.

அப்பா: அன்னிக்கி அங்க கரண்டு இல்ல. மறுநாளு ரெண்டு வாட்டி வந்தேன்ல?

மதி: ம்... நாற்காலி காலியா இருக்காதா?

அப்பா: எனக்கு ஏது நாற்காலி? நான்தான் தரையில உக்காந்திருக்கறவனாச்சே. இங்க என்னாண்ட வர்றியா?

மதி: சரி. வர்றேன். ஆனா நீ போன கட் பண்ணக் கூடாது.

அப்பா: மாட்டேன். செருப்பு போட்டுக்க, உப்பு கால கிழிச்சிடும்.

மதி: லைட் எரியற ஷூ போட்டுக்கவா?

அப்பா: போட்டுக்க.

அம்மா: வரப்பு மேலயே போ மதி. உப்புப் பாத்தியில எறங்கிடாத. போன பாத்துக்கினே நடக்காத, கீழ பாரு.

மதி: ப்பா, ஷூ எரியுது. தெரியுதா?

அப்பா: தெரியுது, தெரியுது. மெதுவா வா.

மதி: நீ பெருசாயிக்கினே வர்ற.

அப்பா: நீயுந்தான்.

மதி: போன்ல மட்டும் சின்னதாவே இருக்க.

அப்பா: அது அப்படித்தான் இருக்கும்.

மதி: உன் கொரலு ரெண்டு தடவ கேக்குதுப்பா. ஒண்ணு போன்ல, ஒண்ணு அங்கேர்ந்து.

அப்பா: எது நல்லா இருக்குது?

மதி: ரெண்டும்.

அப்பா: வந்துட்ட... தூக்கட்டா?

மதி: இரு. மொதல்ல கைய காட்டு. அழிஞ்சிடுச்சா?

அப்பா: அழியல. கழுவாம வெச்சிருக்கேன். உன் அத்த பேத்தி வரஞ்சதுன்னு அம்மா சொல்லிச்சி.

மதி: அவளுக்கு பக்கிளெல்லாம் வரைய வராது. நாந்தான் வரஞ்சேன். டெய்லி மத்தியானம் நீ தூங்கறப்ப வந்து உன் பக்கத்துல படுத்துக்குவேன். நீ எழுந்துக்கறதுக்குள்ள ஓடிப் போயிடுவேன்.

அப்பா: இத்தினி நாளா... எனக்கு தெரியாமப் போச்சே. வாட்ச்சுக்கு முள்ளு போட மட்டும் ஏன்டா மறந்த?

மதி: மறக்கலப்பா. முள்ளு போட்டா ஓடும். ஓடுனா ஞாயித்துக்கெழம வந்துடும்.