குழிக்குள் இருந்தவருக்குச் சிலுவை

சத்தம் தெற்கிலிருந்து வருகிறது. இரத்மலானைப் பக்கம். தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவது போல. பிறகு தலைக்கு மேல்.

கொழும்பு. 1942. ஏப்ரல் ஐந்து. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைக் கோயிலில் காலைப் பூசை. துறைமுகப் பண்டகசாலைகளுக்குப் பின்னால் எங்கள் விமான எதிர்ப்புப் பீரங்கி. ஆள் பற்றாக்குறை. அன்று காலை நாங்கள் மூன்று பேர்.

"மல்லி, மேல பாருங்க! மேல!"

கத்துவது காசிம் நானா, எனக்கு அண்ணன் மாதிரி. தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்பார். கொட்டாஞ்சேனைக்காரர். சட்டைக் கையில் இரண்டு கோடு போட்ட கோப்ரல். குறிபார்ப்பது அவர் வேலை. பீரங்கியைச் சுழற்றுவது பியதாச. குண்டு ஊட்டுவது நான். சேவியர், ஒரு கோடு. போருக்கு முன்னர் ட்ராமில் டிக்கட் கிழித்தவன்.

முகிலைப் பிளந்துகொண்டு விமானம் இறங்குகிறது. இறக்கையில் ஜப்பான்காரனின் சிவப்பு வட்டம். சுடுகிறோம். டுப். டுப். டுப். டுப். காது அடைக்கிறது. இன்னொன்று இறங்குகிறது. பண்டகசாலையின் சுவர் மெதுவாக, ஆள் உட்காருவது போல உட்காருகிறது. சத்தம் பிறகுதான் கேட்கிறது.

பியதாச ஆசனத்தில் இருக்கிறான். கை சக்கரத்தில் இருக்கிறது. உயிர் இல்லை.

எங்கள் லெப்டினன்ட்டைத் தேடினேன். அவர்தான் கட்டளை தர வேண்டும். வெள்ளவத்தை அட்வகேட் ஒருவரின் மகன். படித்த தமிழர். அழகாக ஆங்கிலம் பேசுவார். முதல் விமானத்தைக் கண்டதும் பின்னால் இருந்த பதுங்குகுழிக்குள் இறங்கியவர். எட்டிப் பார்த்தேன். முழங்காலுக்கு நடுவே தலை. தலைக்கு மேல் இரும்புத் தொப்பி. அதற்கு மேல் இரண்டு கைகள். டெலிபோன் பக்கத்தில் கிடந்து அலறுகிறது. எடுக்கவில்லை.

"சேர்! குண்டு முடியப்போகுது! சேர்!"

நிமிரவில்லை.

குண்டுப் பெட்டிகள் அடுக்கியிருந்த கைவண்டி பண்டகசாலைச் சுவரோரம் நின்றது. சுவரில் தீ. வண்டியின் ஒரு பக்கம் புகைகிறது. அது வெடித்தால் நாங்களும் இல்லை, குழியில் இருப்பவரும் இல்லை. காசிம் நானா ஆசனத்திலிருந்து குதிக்கிறார். வெறுங்கையால் எரியும் பலகைகளைப் பிடுங்கி எறிகிறார். வண்டியை இழுக்கிறார். நான் பின்னால் தள்ளுகிறேன். என் இடக்கை பற்றிய இடத்தில் இரும்பு பழுத்திருக்கிறது. விட முடியாது. விடவில்லை.

வண்டி பீரங்கியடிக்கு வந்தது. பியதாசவை இறக்கிக் கிடத்தினோம். அவனுடைய இடத்தில் நானா ஏறினார். சக்கரமும் அவரே, குறியும் அவரே. நான் ஊட்டினேன். திரும்பவும் சுட்டோம். ஒரு விமானத்தின் வாலில் புகை கிளம்பியதைக் கண்டேன். நானாவும் கண்டார். சிரித்தார்.

அடுத்தது தாழப் பறந்து வந்தது.

"படுங்க மல்லி!"

படுத்தேன். அவர் படுக்கவில்லை. சுட்டுக்கொண்டே இருந்தார். மண் கோடாகக் கிழிந்து எங்களை நோக்கி வந்தது. எழும்பிப் பார்த்தபோது அவர் நெஞ்சு திறந்து கிடந்தது.

பிறகு அமைதி. எங்கோ நாய் குரைத்தது. லெப்டினன்ட் குழியிலிருந்து ஏறி வந்தார். முதலில் சப்பாத்தைத் துடைத்தார். பத்திரிகைப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். பீரங்கிக் குழலில் கையை வைத்து நின்றார். குழலில் இன்னும் சூடு. வெடுக்கென்று கையை எடுத்துவிட்டார். அன்று அவருக்குக் கிடைத்த ஒரே காயம் அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார். கதவைச் சாத்தினார்.

"சேவியர், மேல இருந்து கேப்பினம். பெட்டியளை இழுத்தது நான் எண்டு சொல்லும். நீர் உதவினீர். உமக்கு ஒரு பதக்கத்துக்கு நானே எழுதுறன்."

"காசிம் நானாவுக்கு?"

"செத்தவனுக்கு அந்தப் பதக்கம் குடுக்கேலாது. சட்டம் அப்பிடி."

"அப்ப உங்களுக்கு, சேர்?"

"ஒஃபிசர்மாருக்கு வேற பதக்கம். மிலிட்டரி குரொஸ். சிலுவை."

அவர் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று தேடினேன். இல்லை. மழைக்குக் குடை என்பது போலச் சொன்னார். ஒரே வீரத்துக்கு இரண்டு தட்டு. மேல்தட்டு அவருக்கு. கீழ்த்தட்டு எனக்கு. செய்தவனுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் செய்தவன் செத்துவிட்டான். சாகத் துணியாத வீரத்துக்கென்றே யாரோ உட்கார்ந்து இந்தச் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள்.

"நான் கண்டதைத்தான் சொல்லுவன், சேர்."

"நீர் யோசிச்சுக் கதையும்," என்றார். தோடம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

மேலிருந்து என்னை யாரும் கேட்கவில்லை. குண்டு ஊட்டும் சிப்பாயின் கைக்கு இருந்த மதிப்பு அவன் வாய்க்கு இல்லை.

ஜூன் மாதம் அணிவகுப்பு. வெயில். கட்டுப்போட்ட கையோடு நான் இரண்டாம் வரிசையில் நிற்கிறேன். சிலுவை தரும் காரணத்தை ஆங்கிலத்தில் வாசிக்கிறார்கள். "பீரங்கியாட்கள் அஞ்சி விலகிய பின்னர், இந்த அதிகாரி தனியொருவராக…"

அஞ்சி விலகியவர்கள். அவர்களில் இரண்டு பேர் பீரங்கியின் காலடியிலேயே செத்துக் கிடந்தது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் எல்லோருடைய தோளிலும் பித்தளை நட்சத்திரம் இருந்தது.

முன்னால் வந்தேன்.

"பொய், சேர்! காசிம் செய்தது! இவர் குழிக்குள்ள இருந்தவர்!"

இரண்டு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள். லெப்டினன்ட் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சில் சிலுவை ஆடவில்லை. நன்றாகக் குத்தியிருந்தார்கள்.

விசாரணை நடந்தது. கேணல் ஒரு கேள்விதான் கேட்டார். அணிவகுப்பில் பேச எனக்கு உத்தரவு இருந்ததா? இல்லை என்றேன். சொன்னது உண்மையா என்று கேட்கவில்லை. அது அவருக்குத் தேவைப்படவில்லை. சட்டைக் கையிலிருந்த என் ஒற்றைக் கோட்டைப் பிடுங்கினார்கள். காவலறையில் போட்டார்கள். அதே கிழமை வெள்ளவத்தையில் லெப்டினன்ட்டுக்கு வரவேற்பு. மேளம், மாலை, வாழ்த்துரை. நம்மவர் ஒருவர் வீரச் சிலுவை வாங்கிவிட்டாராம். பெரிய மனிதர்கள் எல்லோரும் போனார்கள். போர் என்றால் என்னவென்று அங்கே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்களாம்.

வெளியே விட்டதும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். காசிம் நானாவின் மனைவி ரஹீமா. அவர்கள் வழக்கில் அக்காவுக்கு ராத்தா. அப்படித்தான் கூப்பிடுவேன். கணவனை இழந்தவர்கள் ஒதுங்கியிருக்கும் இத்தா இருந்தபடியால் திரைக்குப் பின்னால் இருந்து பேசினார்.

"தம்பி, பேப்பர்ல வந்தீக்கி. பீரங்கிக்காரங்க பயந்து ஓடினயாம். கடைத்தெருவுல எங்கட பெரிய மகன்ட மொகத்துக்கு நேரா கேக்குறாங்க. நீங்க பக்கத்துல நின்ட ஆள். சொல்லுங்க. அவரு ஓடினயா?"

"இல்ல ராத்தா. கடைசி மட்டும் சுட்டவர். என்னைப் படுக்கச் சொல்லிப்போட்டு அவர் படுக்கேல்ல."

 திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அழுத குரல் அல்ல.

"எனக்குச் சொன்னாப் போதாது. எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழம பள்ளிக்கு முன்னுக்கு வந்து நின்டு சொல்லுங்க. கதைக்கிறவங்க எல்லாம் அங்கதான் வாற."

போனேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கிறிஸ்தவப் பையன் ஒருவன் பள்ளிவாசலுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்து நின்றார்கள். நான் சொன்னேன். தீயைச் சொன்னேன். வண்டியைச் சொன்னேன். பியதாசவைச் சொன்னேன். கட்டை அவிழ்த்துக் கையைக் காட்டினேன்.

புடவைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் கேட்டார். "அப்ப அந்த தொர எங்க நின்ட?"

"நிக்கேல்ல. குழிக்குள்ள இருந்தவர்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். நானும். வெட்கங்கெட்ட ஒருவனுக்குத் தெரு தரும் மரியாதை அந்தச் சிரிப்பு. பிறகு அந்தப் பெரியவர் தொப்பியைச் சரிசெய்தார். கைகளை ஏந்தினார். காசிமுக்காகத் துஆ கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ரஹீமா ராத்தாவின் மூத்த மகன் என் அருகே வந்து நின்றான். அதற்குப் பிறகு கடைத்தெருவில் அவனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

லெப்டினன்ட் மேஜராகி ஓய்வுபெற்றார். சாகும்வரை வெள்ளவத்தையில் மேடைகளில் ஏறிக்கொண்டிருந்தார். துணிவு பற்றிப் பேசுவார் என்று கேள்வி. கேட்க நான் போகவில்லை. சிலுவையைத் திருத்தச் சொல்லி இரண்டு முறை மேலே முறையிட்டேன். பதில் வரவில்லை. சிலுவை அவருடனேயே போயிற்று.

இனி இழப்பைச் சொல்கிறேன். எழுதியவர்கள் யாரும் இதை எழுதவில்லை.

காசிம். முப்பத்தொரு வயது. மனைவி, மூன்று பிள்ளைகள்.

பியதாச. கல்யாணம் பேசியிருந்தார்கள்.

பண்டகசாலையில் மூட்டை சுமந்த கூலிகள். அவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது.

என் இடக்கையில் இரண்டு விரல்கள். ஒரு கோடு.

அந்தப் பீரங்கியை விட்டு ஓடிய சிப்பாய்: ஒருவருமில்லை.