மெத்தையும் தலையணையும்

நீங்கள் கொடுத்த தேநீரில் சர்க்கரை அளவாக இருந்தது, மேடம். பெரும்பாலான அலுவலகங்களில் ஒன்று பாகாக இருக்கும், இல்லாவிட்டால் கஷாயமாக இருக்கும். அளவு தெரிந்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. என் பிழைப்பே அளவு பார்ப்பதுதான்.

பதினோரு வருடமாக ஹெவிவெயிட் கிக்பாக்ஸிங்கில் யாரோடு யார் மோதுவது என்று முடிவு செய்கிறவன் நான். ஜோடி சேர்ப்பவர் என்பார்கள். இதைக் கேள்விப்பட்டு என் மனைவியின் சித்தி, தன் மகனுக்கு நல்ல பெண்ணாகப் பார்க்கச் சொன்னார். நான் சேர்க்கும் ஜோடிகள் ஒன்பது நிமிடம்தான் சேர்ந்திருக்கும், அதற்குள் ஒன்று விழுந்துவிடும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்ற எடைப் பிரிவுகளில் பாதி வேலையைத் தராசு செய்துவிடும். ஹெவிவெயிட்டில் மேல் வரம்பே கிடையாது. நூறு கிலோக்காரனை நூற்று முப்பது கிலோக்காரனோடு மோதவிட்டாலும் யாரும் கேட்க முடியாது. முந்தின நாள் மேடையேற்றி எடை பார்ப்பதெல்லாம் போட்டோவுக்காக. அதனால் உண்மையான அளவை நான்தான் எடுக்க வேண்டும். யார் எத்தனை தடவை விழுந்தான், எந்தப் பக்கம் வாங்கி விழுந்தான், எழுந்ததும் கண் எங்கே போனது, எல்லாம். மேடையில் நாக் அவுட் ஆனவன் அறுபது நாள் மோதக்கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது. ஜிம்மில் பயிற்சியின்போது விழுந்தால் எந்த விதியும் இல்லை, எங்கேயும் பதிவாகாது. வெளியே சொல்லவும் மாட்டார்கள். சொன்னால் மேட்ச் கைவிட்டுப் போய்விடும்.

நான் மட்டும் அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். மசாஜ் செய்பவர், ஜிம்மைப் பெருக்கும் அம்மா, வீரர்களின் வீட்டில் இருப்பவர்கள் என்று ஒருவர் விடாமல் போன் போட்டு விசாரிப்பேன். ஒரு வீரனுக்கு ஒரு பக்கம். போட்டிக்கு முந்தின வாரம் எங்கள் டாக்டர் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார். "உங்க நோட்டு சொல்லாதத என் ஸ்கேன் சொல்லிடப்போகுதா?" என்பார். சமீபம் வரை, நான் சேர்த்த ஜோடிகளில் ஒருவர்கூட ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் தங்கியதில்லை. இதை எந்த ரசிகனாவது ஒரு வரி எழுதியிருப்பானா என்றால், கிடையாது.

ரசிகர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் கருத்து எனக்கு ஒரு பொருட்டே இல்லை. தொடையில் சரியாக ஒரு உதை வாங்கினால் இரண்டு நாள் மாடிப்படி ஏற முடியாது என்பதுகூடத் தெரியாத ஜனம். சோபாவில் சாய்ந்து, வயிற்றின் மேல் சிப்ஸ் தட்டை வைத்துக்கொண்டு, 'இவனுக்குத் தைரியம் பத்தாது' என்று எழுதுகிறவர்கள். மூன்று முறை ஜெயித்தால் உலக மகா வீரன். ஒரு முறை தோற்றால் வீட்டுக்குப் போ. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார், இதுவரை ஒரு ஜிம் வாசலைக்கூட மிதித்ததில்லை, வாராவாரம் எனக்குப் பாடம் நடத்துவார். சாம்பியனுக்குச் சுலபமான ஆளைக் கொடுத்தால் செட்டப். கடினமான ஆளைக் கொடுத்தால் சாம்பியனை ஒழித்துக்கட்டச் சதி. இரண்டையும் அவரே ஒரே வாரத்தில் எழுதினார். மார்ச் எட்டாம் தேதி அது, பதிமூன்றாம் தேதி இது.

இன்னொருவன் 'மூன்றாம் வரிசை' என்ற பெயரில் எழுதுவான். எந்தப் போட்டியானாலும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்துதான் பார்ப்பானாம். அவன்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால், 'இவர் சேர்க்கிற ஜோடியெல்லாம் மெத்தையும் தலையணையும். யாருக்கும் அடியே படாது' என்று எழுதினான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் லைக் போட்டிருந்தார்கள். அதோடு என் பெயர் மெத்தைக்காரர் ஆகிவிட்டது. அரங்க வாசலில் டிக்கெட் கிழிப்பவன்கூட என் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் என் மைத்துனர், "என்ன மாப்ள, மெத்தை வியாபாரம் எப்படிப் போகுது?" என்றார். என் மகன் குனிந்துகொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். யாருக்கும் அடிபடவில்லை என்பதுதான் அவர்கள் புகார், கவனித்தீர்களா.

அவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த மேட்ச் ஒன்று உண்டு. தச்சரும் கிரேனும். தச்சர் முன்பு கட்டில், பீரோ செய்துகொண்டிருந்தவர். முப்பத்தெட்டு வயது, இருபத்தேழு வெற்றி. கிரேனுக்கு இருபத்து நான்கு. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், வலது காலைத் தூக்கினால் அது எதிராளியின் காதில்தான் போய் இறங்கும். தச்சருக்கு ஒரு பழக்கம்: இடது தொடையில் உதை விழுந்தால் இடது கை தானாகக் கீழே இறங்கிவிடும். கை இறங்கினால் காது திறந்து கிடக்கும். இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. அதனால் இரண்டு வருடமாக அதை மறுத்து, தச்சருக்கு வேறு ஆட்களைக் கொடுத்துவந்தேன். அந்த ஆட்களைத்தான் மெத்தை என்றார்கள்.

இந்த முறையும் தச்சருக்கு ஒரு பழைய, மெதுவான ஆளைத்தான் ஏற்பாடு செய்திருந்தேன். போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குத் தச்சரின் மனைவி போன் செய்தார். பின்னால் துணி துவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேசுவது வெளியே கேட்கக்கூடாது என்றே அதைப் போட்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"அண்ணா, பயிற்சியில விழுந்துட்டாரு. பத்து நாளாச்சு. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றாரு. ஆனா நேத்து செருப்பக் கால் மாத்திப் போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டாரு. பொண்ண என் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு."

"டாக்டர்கிட்ட போனீங்களாம்மா?"

"வரவே மாட்டேங்குறாரு. நீங்க நிறுத்தினாத்தான் நிக்கும். நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேண்டாம் அண்ணா, என்ன மன்னிக்கவே மாட்டாரு."

"நான் பாத்துக்கறேன்மா. நீங்க கவலப்படாதீங்க."

போனை வைத்ததும் வழக்கம்போல் தேதி போட்டு நோட்டில் எழுதினேன். பிறகு மூன்றாம் வரிசை அன்று காலையில் எழுதியிருந்ததை மறுபடி ஒரு முறை படித்தேன். 'தச்சருக்கு இந்த வருஷமும் இலவம்பஞ்சு மெத்தை. நல்லா தூங்கட்டும்.'

இந்த இடத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று எழுதிவிடாதீர்கள். முழுதாக இரண்டு நாள் யோசித்தேன். இவர்கள் கேட்பதை ஒரே ஒரு தடவை கொடுத்தால் என்ன? அடி என்றால் என்னவென்று கண்ணால் பார்த்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் தச்சர் நல்ல உடம்போடு இருந்தால் அது நடக்காது. ஆள் கெட்டிக்காரர். கிரேனைக் கயிற்றோரமாகக் கட்டிப்பிடித்தே ஒன்பது நிமிடத்தையும் ஓட்டிவிடுவார், புள்ளியில் தோற்பார். மறுநாள் என்ன எழுதுவார்கள்? மறுபடியும் மெத்தை. அளவு சரியாக அமைய வேண்டுமானால், அவர் தேறுவதற்கு முன்னால், இந்த ஐந்து வாரத்தில்தான் அமையும்.

வியாழக்கிழமை அந்தப் பழைய ஆளுக்கு முழங்கால் வலி என்று சொல்லி விலக்கிவிட்டு, கிரேனைக் கூப்பிட்டேன். தச்சரின் பக்கத்தை நோட்டிலிருந்து பிரித்தெடுத்துவிட்டு, வேறு தாளில் திருப்பி எழுதி ஒட்டினேன். அதே பேனா, அதே மை. கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "சுத்தமா இருக்கே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம், அவர் என்னை நம்பினார், அவ்வளவுதான். தச்சரின் மனைவிக்கு நானே போன் செய்து, டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அவர் "அப்போ சரி அண்ணா" என்றார்.

தச்சரிடம் மேட்ச் மாறியதை நேரில் போய்த்தான் சொன்னேன். ஜிம் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டதும் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"இப்பவாவது என்ன நம்பினீங்களே அண்ணா. என் பொண்ணு அந்தக் கமெண்ட்டெல்லாம் படிக்கிறா. 'நெஜமாவே பயப்படுறியாப்பா'ன்னு கேக்குறா."

மனசு இளகியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கும் வேண்டியது இதுதானே என்று தோன்றியது. துணிப்பட்டையை மூன்று தடவை தப்பாகச் சுற்றி அவிழ்த்தார். நான்காம் தடவை நான் முனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மாலை அரங்கு நிறைந்துவிட்டது. எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள், நான் மூன்றாம் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகங்கள் மாறுவதைப் பார்க்கத்தானே இத்தனை ஏற்பாடும். இரண்டாம் சுற்றில் தொடையில் உதை விழுந்த சத்தம் கேட்டது. உடனே அடுத்த சத்தமும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையில் பதினாறு பேர். எல்லோரும் எழுந்து, போனைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்கள். ஒருவன் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக் குதித்தான். ஒரு பெரியவர் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்தார். இவருக்காவது உறைத்ததே என்று நினைத்தேன். அவர் நாற்காலிக்கு அடியில் போன மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் தச்சர் இறந்துபோனார். ஆஸ்பத்திரி நடையில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பீங்க அண்ணா. அவர் பிடிவாதம் எனக்குத் தெரியாதா?" நான் தலையசைத்தேன். அந்த நேரத்தில் அவருக்கு ஆறுதல்தான் தேவைப்பட்டது. மகள் அப்பாவின் செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று நினைப்பீர்கள். போலீஸில் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. விபத்து என்று ஃபைலை மூடியிருப்பீர்கள், நானும் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் நேற்றுக் காலையில் மூன்றாம் வரிசை எழுதியிருக்கிறான்: 'தச்சர் பாவம்தான். ஆனா இத்தன வருஷத்துல இதான் மேட்ச். மெத்தைக்காரர் யோசிச்சுப் போட்டதுன்னு நெனச்சிடாதீங்க, அந்த ஆளுக்கு அவ்வளவு தில்லு கிடையாது. ஏதோ தற்செயலா அமைஞ்சிடுச்சு.' ஆயிரத்து எண்ணூறு பேர் லைக் போட்டிருக்கிறார்கள்.

தற்செயலாம். இடது கை, வலது கால், ஐந்து வாரக் கணக்கு, எழுதாமல் விட்ட ஒரு வரி. இதில் தற்செயல் எங்கே இருக்கிறது, மேடம்?

பிரித்தெடுத்த பக்கம் இந்தக் கவரில் இருக்கிறது. கடைசி வரியைப் பாருங்கள், தேதி போட்டிருக்கிறேன். அவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தேதான் அந்த மேடையில் ஏற்றினேன். வேறு யாருக்கும் இதில் பங்கு கிடையாது. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பத்திரிகைக்காரர்களிடம் 'கவனக்குறைவு' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். 'திட்டமிட்டு' என்ற சொல் கட்டாயம் வரட்டும். இன்று சாயங்காலத்துக்குள் வந்துவிடுமா? ரசிகர்களுக்காகக் கேட்கவில்லை, அவர்கள் கருத்து எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று முதலிலேயே சொன்னேன். என் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். செய்தி வந்ததும், கீழே மூன்றாம் வரிசை என்ன எழுதியிருக்கிறான் என்று யாராவது எனக்குப் படித்துக் காட்டினால் போதும்.