கிரிவலம் போன இரத்தத்தைக் கையும் களவுமாகப் பிடித்த கனகலதா அம்மையாருக்கு

வேங்கிக்கால் மலைவலம் அறக்கட்டளை மருத்துவமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வக நுட்புநராய்ப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி கனகலதா அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் துள்ள வாசித்தளிக்கும் மடல்.

ஊசியால் குத்தினாலும் ஒரு சொல்லால் குத்தாத உத்தமரே! துளிக் குருதியில் துல்லியம் கண்ட தூயவரே! நரம்பு தேடி நான்கு முறை குத்துவோர் நடுவே, முதல் குத்திலேயே முடித்துவிட்டு "ஆயிடுச்சி, எழுந்திருங்க" என்று சொல்லும் முத்தான கைக்குரியவரே! பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் சமணநெறி வழுவாதவரே! உங்களுக்காகத்தான் இவ்விழாவை மூன்றரை மணிக்கே தொடங்கியிருக்கிறோம். சூரியன் இருக்கும்போதே விருந்தும் முடிந்துவிடும், கவலை வேண்டாம்!

இம்மருத்துவமனையில் ஓய்வு பெறுவோருக்கெல்லாம் மடல் எழுதுவது மருந்தாளுநர் ராமதாஸ் ஆகிய என் தலையில் விழுந்த வேலை. இதுவரை ஒன்பது மடல் எழுதியிருக்கிறேன். ஒன்பதிலும் "கடமையே கண்ணாய், கருணையே பொன்னாய்" என்ற அதே அடி உண்டு. ஒன்பது பேரும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகாததால் என் பிழைப்பு ஓடுகிறது. பத்தாவது மடலுக்கு அந்த அடி உதவாது, அம்மா! நீங்கள் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் நாங்கள் செய்ததையும் சொல்லியாக வேண்டும். சபை நடுவே சொல்லிவிடுகிறோம்.

ஐந்தாண்டுகளுக்கு முன் கீழ்பென்னாத்தூரில் நமது கிளை மருந்தகத்தில் இரத்த அழுத்த முகாம் தொடங்கியபோது, "தேதி சொன்னால் சனங்கள் மறப்பார்கள், பௌர்ணமி என்றால் மறப்பார்களா? அன்றைக்குப் பேருந்தும் நிறைய ஓடும்" என்று மார்தட்டி யோசனை சொன்ன மகா மேதாவி அடியேன்தான்! கூட்டம் குவிந்தது. எனக்குக் கைத்தட்டலும் ஒரு சால்வையும் கிடைத்தன. முகாமில் காலையில் எடுத்த இரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் பத்திரமாய் அடுக்கி வேங்கிக்காலுக்கு அனுப்புவோம். அந்த வண்டியோ, கிரிவலக் கூட்டத்துக்காக ஊர் எல்லையிலேயே தடுக்கப்பட்டு, ஐந்து மணி நேரம் ஆறு மணி நேரம் நின்று, நீங்கள் பணி முடித்து வீடு சென்றபின் வந்து சேரும். அடுத்த முறைப் பணியாளர் பரிசோதிப்பார், தாளில் எண் விழும், நாங்களும் எண்ணைப் பார்த்து நிம்மதியாய்த் தூங்குவோம்.

அந்த முகாமுக்கு வந்தவர்களில் ஒருவர் பாஞ்சாலை. மணிலாக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் கொல்லையில், களையெடுக்கும் பெண்மணி. அன்று வயது முப்பத்து மூன்று. இரத்த அழுத்தமோ இருநூற்றுக்கு நூற்றிருபது! நான்கு வகை மாத்திரை கொடுத்தும் இறங்கவில்லை. கால்கள் துவள்கின்றன, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது என்று மாதாமாதம் சொன்னார். உடலில் பொட்டாசியம் குறைந்தால் இப்படியெல்லாம் ஆகும் என்பதால் அதன் அளவைப் பார்த்தோம். நாலு புள்ளி ஒன்று. குறையே இல்லை. அப்படியானால் வேறு கோளாறு இல்லை, மாத்திரையை விழுங்காமல் நம்மை ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டி, அவருடைய சிகிச்சைக் குறிப்பேட்டில் மருத்துவர் அறிவுச்செல்வன் அவர்கள் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்: "மாத்திரைகளை உட்கொள்வதில்லை." அருகில் "ஆம்" என்று கையொப்பமிட்டவன் நான்.

அந்த ஒரு வரி செய்த கொடுமை கொஞ்சமா? எங்கே போனாலும் குறிப்பேட்டை விரித்தவர்கள் முதலில் அதைத்தான் படித்தார்கள். பக்கவாதம் வாசலில் வந்து நிற்கும் அளவுக்கு அழுத்தம் ஏறிக்கிடந்த ஒருவருக்கு, அடுத்த பரிசோதனைக்குப் பதிலாய் அடுத்த அறிவுரைதான் கிடைத்தது. வீட்டிலும் அவரைப் பொய்க்காரி என்றார்கள்.

முகாம் தொடங்கிய ஐந்தாம் மாதம், ஒரு நாள் மாலை ஐந்தரை மணி. மருந்து தீர்ந்துபோய்ப் பாஞ்சாலை இங்கே வேங்கிக்காலில் என் மருந்துச் சன்னலுக்கு நேராக வந்து நின்றார். நான் சும்மா கொடுத்தனுப்பியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"மாத்திரைய குப்பையில போட்டுட்டு இங்க வந்து நின்னா நான் இன்னாம்மா பண்றது?" என்றேன்.

அவர் துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். காலியான மாத்திரை அட்டைகள், ஐந்து மாதத்து அட்டைகள், என் மேசையில் கொட்டின. "ஒரு வேள கூட உட்டதில்லீங்க. இன்னாத்துக்குங்க நான் பொய் சொல்லப்போறேன்?" என்றவர், நிற்க முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழ முயன்றார், முடியவில்லை.

அடுத்த அறையில் சூரியன் மறைவதற்குள் உண்ணச் சோற்று டப்பாவைத் திறந்திருந்தீர்கள், அம்மா! மூடிவைத்துவிட்டு வந்தீர்கள். குறிப்பேட்டில் எல்லோரும் படித்த சிவப்பு வரியைத் தாண்டி, யாரும் இரண்டாவது முறை பாராத எண்ணைப் பார்த்தீர்கள். "நாலு புள்ளி ஒன்னு இருக்கிற உடம்பு இப்பிடி உக்காராதுங்க" என்று என்னையும் எதிர் அறையில் அமர்ந்திருந்த மருத்துவரையும் பார்த்துச் சொன்னீர்கள். அவர் கையைப் பிடித்தீர்கள். "மூடி மூடித் தொறக்காதீங்க, கைய சும்மா உடுங்க" என்றீர்கள். விரலை மடக்கி மடக்கி விரித்தாலே பொட்டாசியம் பொய்யாய் ஏறும் என்பதால், முப்பத்து நான்கு ஆண்டுகளாய் நீங்கள் சொல்லிவரும் அதே மந்திரம்! எடுத்த கையோடு இரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி, அணுக்களைத் தனியே பிரித்தீர்கள். எண் விழுந்தது.

இரண்டு புள்ளி ஆறு!

"மெஷின்ல கோளாறு" என்றார் மருத்துவர். மறுபடியும் செய்தீர்கள். இரண்டு புள்ளி ஆறு! வேறு குழாயில் புதிதாய் இரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள். அதே இரண்டு புள்ளி ஆறு! இதயமே தடம் புரளக்கூடிய அளவு! மருத்துவர் நாற்காலியை விட்டு எழுந்தவர் எழுந்தவர்தான், பாஞ்சாலைக்குப் படுக்கை போட்டு, பொட்டாசியம் ஏற்றத் தொடங்கிய பிறகே உட்கார்ந்தார். நீங்கள் சன்னலைப் பார்த்தீர்கள். பொழுது போயிருந்தது. "சூரியன் போயிட்டாரு. பரவால்ல, காலையில வருவாரு" என்று டப்பாவைப் பைக்குள் வைத்தீர்கள். அன்றிரவு நீங்கள் பட்டினி. சபையில் பலருக்கு இது இன்றுதான் தெரியும்.

மறுநாள் ஐந்து மாத முகாம் அறிக்கைகளையும் மேசையில் பரப்பினீர்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்கு மட்டும் பொட்டாசியம் ஏன் ஜாஸ்தி? அதுவும் முகாம் நாளில் மட்டும் ஏன்? நாட்காட்டியை எடுத்து ஒவ்வொரு தேதியாய் விரல் வைத்தீர்கள். பிறகு நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஆய்வகத்தில் அப்படியொரு சிரிப்பை நாங்கள் அதுவரை கேட்டதில்லை! "எல்லாம் பௌர்ணமிங்க! இந்த ரத்தமெல்லாம் கிரிவலம் போயிட்டு வந்திருக்குது!"

பிரிக்காத இரத்தத்தை ஐஸில் மணிக்கணக்காய் வைத்தால் அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் மெல்லக் கசிந்து வெளியே வருமாம். நிறம் மாறாது, கண்ணுக்குத் தெரியாது. உண்மையில் குறைந்து கிடந்த பொட்டாசியம், கசிந்ததையும் சேர்த்துக்கொண்டு நல்ல பிள்ளையாய் நாலு புள்ளி ஒன்று என்று நின்றிருக்கிறது. பத்திரம் பத்திரம் என்று நாங்கள் போட்ட ஐஸே பாஞ்சாலையைப் பொய்க்காரி ஆக்கியது. சால்வை வாங்கிய என் யோசனையும் அதற்குத் துணை போனது.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இன்றும் மயிர்க்கூச்செறிகிறது! சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைப் பற்றி அந்த வாரம் முழுதும் தேநீர் நேரத்தில்கூடப் பேசினோம். அது சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அளவோடு இருந்தால் உடலுக்குக் காவல். அளவு மீறினால் உப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளி, அழுத்தத்தை மலையேற்றிவிடும். சிறுநீரகம் அனுப்பும் ரெனின்தான் அதற்கு வழக்கமாய் ஆணையிடும். ரெனின் அடங்கிக் கிடக்க, ஆல்டோஸ்டிரோன் மட்டும் ஆட்டம் போட்டால் சுரப்பி தன் இஷ்டத்துக்கு நடக்கிறது என்று பொருள். பொட்டாசியத்தைச் சரிசெய்து, சில மாத்திரைகளை மாற்றி, வாரக்கணக்கில் காத்திருந்து அந்த இரண்டையும் அளக்க இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினோம். அப்போதும் நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, "ராமதாஸ், ஐஸ் வெச்சா ரெனினும் பொய் சொல்லும். அந்தப் பெட்டிய கொஞ்சம் கீழ வைங்க" என்றீர்கள். வைத்தேன்.

முடிவு வந்தது: ரெனின் மிகக் கம்மி, ஆல்டோஸ்டிரோன் மிக ஜாஸ்தி! ஸ்கேன் எடுத்தார்கள். இடப்பக்கச் சுரப்பியில் ஒரு கட்டி, மணிலாக் கொட்டை அளவு. அவ்வளவுதான்! ஒரு பெண்ணின் காலை ஒடித்து, தலையை இடித்து, பெயரைக் கெடுத்தது அந்தச் சிறு கொட்டை! சென்னையில் சிறு துளைகள் வழியே அந்தச் சுரப்பியை அகற்றினார்கள். இன்று காலை நமது செவிலியர் கஸ்தூரி பார்த்தபோது பாஞ்சாலையின் இரத்த அழுத்தம் நூற்றிருபத்து நான்குக்கு எண்பது. நான்கு மாத்திரைக்குப் பதில் ஒன்றே ஒன்று. பொட்டாசியம் நாலு புள்ளி இரண்டு. இது கிரிவலம் போகாத நாலு புள்ளி இரண்டு!

அடுத்த பௌர்ணமிக்கே சுழற்றும் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டம் பிதுங்கும் பேருந்தில் கீழ்பென்னாத்தூர் போய் இறங்கினீர்களே! அன்று முதல் அங்கேயே பிரித்த பிறகுதான் குழாய் வண்டி ஏறுகிறது. அப்படிப் பார்த்ததில் இன்னும் ஏழு பேருக்கு இதே சுரப்பிக் கோளாறு தெரிய வந்தது. அவர்களில் ஐவருக்கு அறுவை வேண்டியிருக்கவில்லை, அந்த ஹார்மோனை அடக்கும் மாத்திரையே போதுமானதாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்று மட்டும் பாக்கி நின்றது. "அந்தச் செவப்பு வரிய அடிச்சிக் குடுங்க" என்று நான்காண்டுகளாக நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பழைய குறிப்பைத் திருத்தக் கூடாது என்று விதியைக் காட்டினோம். விதியாவது மண்ணாவது, வெட்கம்தான் காரணம். பிரிவுப் பரிசாய் என்ன வேண்டும் என்று சென்ற வாரம் கேட்டபோதும், கைக்கடிகாரம் கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை, அதையே கேட்டீர்கள். இதோ, முன்வரிசையில் குறிப்பேட்டை மடியில் வைத்தபடி பாஞ்சாலை அமர்ந்திருக்கிறார். இம்மடல் வாசித்து முடிந்ததும் மருத்துவரும் நானும் மேடையை விட்டு இறங்கி, அந்த வரியை அவர் கண்முன் அடித்து, "எங்கள் தவறு" என்று எழுதி, தேதியிட்டு ஒப்பமிடுகிறோம். மன்னித்துக்கொள்ளுங்கள், பாஞ்சாலை அம்மா.

எங்கள் அன்புக்குரிய கனகலதா அம்மையீர்! உங்கள் காலுக்குத் தெம்பும், கண்ணுக்குத் தெளிவும், நாளும் பொழுது சாயுமுன் சுடச்சுட உணவும், அதை இடையில் மூடிவைக்கத் தேவையில்லாத மாலைகளும் வாய்க்கட்டும்! உங்கள் இரத்த அழுத்தம் எங்களுடையதைவிட எப்போதும் கம்மியாய் இருந்து, நூறாண்டு நோயின்றி வாழ்க! நீங்கள் போன பின்பும் இந்த ஆய்வகத்தில் யாரும் கையை மூடித் திறக்கமாட்டார்கள் என்று உறுதி கூறுகிறோம்.

மடலில் ஊழியர்கள் மட்டுமே ஒப்பமிடுவது இங்கு வழக்கம். இன்று முதல் ஒப்பத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறோம்.

இங்ஙனம்,

பாஞ்சாலை, கீழ்பென்னாத்தூர்
(மாத்திரைகளை ஒரு வேளையும் தவறாமல் உட்கொண்டவர்)

மரு. அறிவுச்செல்வன்
ராமதாஸ், மருந்தாளுநர்
கஸ்தூரி, செவிலியர்
மற்றும் மலைவலம் அறக்கட்டளை மருத்துவமனை ஊழியர்கள்
வேங்கிக்கால், திருவண்ணாமலை