நாலாவது திரையின் கேபிள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்... பேய்கள் நள்ளிரவில்தான் வரும், தலைவிரி கோலமாகத்தான் வரும், வரும்போது நாய் ஊளையிட்டே தீரும் என்று இதுவரை அமலில் இருந்த விதிகள் யாவும், கரண்ட் போன இந்த வேளையில், இந்த மாடிப்படியில் வைத்து ரத்து செய்யப்படுகின்றன. நான் சொல்லப்போகும் பேய் வந்தது பட்டப்பகல் இரண்டு மணிக்கு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. உயிரோடு இருந்தபோதும் அந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது.

கணக்கு வாத்தியார் சார், டார்ச்சைக் கொஞ்சம் கீழே பிடியுங்கள். கதை என் முகத்தில் இல்லை.

என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது இது. நண்பனின் மனைவிக்குத் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். கோபக்காரன். ஸ்க்ரூ கழலவில்லை என்றால் ஸ்க்ரூவோடு சண்டை போடுவான். அன்றைக்கு அவன் ஸ்கூட்டரில் போன சாலை, கிடங்குகள் மட்டுமே இருக்கும் சாலை. ஞாயிறு என்பதால் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் இறக்கியிருந்தன. தார் உருகும் வெயில். ஒரு காக்கை கூட இல்லை. பின்னால் அவன் அக்கா, அதாவது என் நண்பனின் மனைவி, உட்கார்ந்திருந்தாள். வண்டி குலுங்கும்போது மட்டும் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

அவர்கள் போன இடம், அக்கா வேலை பார்த்த கிடங்கு. உறைந்த பட்டாணி, ஐஸ்கிரீம் எல்லாம் வைக்கிற இடம். கீழ்த்தளத்தில் ஒரு பெரிய குளிரறை. மாடியில் ஒரு கண்காணிப்பு அறை. சுவர் முழுக்க ஆறு திரைகள். அதன் முன்னால் அக்கா. நாலாவது திரையில் குளிரறையின் கதவு தெரியும்.

அந்தக் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி இல்லை. உடைந்து போய் ஒன்றரை வருஷம். சாமான் எடுக்க உள்ளே போகிறவர்கள் கதவுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கட்டை நழுவினால் கதவு மூடிக்கொள்ளும். வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

அங்கே பெட்டி தூக்குகிறவர் ஒருவர் இருந்தார். வேலை செய்யும்போது விசிலடித்துக்கொண்டே இருப்பார். அதனால் பேரே விசில். அவரும் அக்காவும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். உள்ளே போகுமுன் அவர் கேமராவைப் பார்த்து வலது கையைத் தூக்குவார். வெளியே வந்ததும் மறுபடி தூக்குவார். "தங்கச்சி, என் உசுரு உன் நாலாவது டீவியில இருக்கு, பாத்துக்க" என்பார். இரண்டாவது கை வரத் தாமதமானால் அக்கா கீழே போன் அடிப்பாள். யாராவது ஓடிப்போய்க் கதவைத் திறப்பார்கள். ஒரு கைப்பிடி செய்ய வேண்டிய வேலையை ஒன்றரை வருஷம் அக்காவின் இரண்டு கண்கள் செய்துகொண்டிருந்தன.

நிர்வாகிக்கு இந்த ஏற்பாடு தெரியும். அவருக்குத் தெரியாதது எது? பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் 'தொலைநோக்கு' வந்துவிடும். அதனால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பேரும் அதுதான். கைப்பிடியைப் பற்றிக் கேட்டபோது, "மனிதனும் இயந்திரமும் கைகோத்து நிற்கிறதைப் பாருங்க, இதுதான் எதிர்காலம்" என்றார். பிறகு, கண்காணிப்பு அறைக்கு விருந்தாளிகள் வந்தால் கம்ப்யூட்டர் டப்பாக்களைப் பார்த்து முகம் சுளிப்பார்களே என்று அவருக்குக் கவலை வந்தது. டப்பாக்கள் எல்லாம் கீழே, குளிரறைக்குப் பக்கத்து அறைக்குப் போயின. திரைகள் மட்டும் மேலே. நடுவில் நீள நீளமாய்க் கேபிள்.

படம் கொண்டுபோகிற சாதாரண கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது. அதற்கென்று வேறு கேபிள் இருக்கிறது. ஐந்து திரைகளுக்கு அதை வாங்கினார்கள். கடைசியாக நாலாவதற்கு வந்தபோது கேபிள் தீர்ந்துவிட்டது. புதுப்பித்த அறைக்குத் திறப்பு விழாவோ மறுநாள். ரிப்பன் வாங்கியாயிற்று. ஆகவே இரண்டு சாதாரண கேபிளை ஒரு ஜாயின்ட் போட்டு இணைத்து, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, குளிரறைக் கம்ப்ரஸருக்குப் போகிற தடிமனான கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கட்டிய டேப் மட்டும் நல்ல கம்பெனி.

அன்றிலிருந்து நாலாவது திரை அவ்வப்போது இருண்டது. சில வினாடி... சில நேரம் அரை நிமிஷம்... பிறகு தானே வரும். அக்கா மூன்று தடவை போய்ச் சொன்னாள். முதல் தடவை, "அணைச்சுட்டுப் போடுங்க" என்றார்கள். இரண்டாம் தடவை, "கண்ணாடி போடுங்க" என்றார்கள். மூன்றாம் தடவை தொலைநோக்கே சொன்னார். "குறையை மட்டும் பாக்காதீங்கம்மா. மத்த அஞ்சும் வருதே, அதைப் பாருங்க."

ஒரு மாலையில் விசில் உள்ளே போனார். அக்காவுக்கு அது தெரியாது. அவர் கை தூக்கிய நேரத்தில் திரை இருட்டு. படம் திரும்பி வந்தபோது மூடிய கதவு. வெறும் கதவு. உள்ளே ஆள் இருப்பதாக அவள் நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

காலையில்தான் கதவைத் திறந்தார்கள்.

நீங்கள் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். கதை இன்னும் பேய்க்கே வரவில்லை.

தொலைநோக்கு எல்லோரையும் கூட்டி, கம்ப்யூட்டரில் பதிவான படத்தைப் போட்டுக் காட்டினார். அதில் பளிச்சென்று எல்லாம் இருந்தது. விசில் வருகிறார். கட்டையை முட்டுக் கொடுக்கிறார். கேமராவைப் பார்த்துக் கை தூக்குகிறார். போகிறார். கட்டை நழுவுகிறது. கதவு மூடுகிறது.

"இவ்வளவு தெளிவா தெரியுது. அந்தம்மா தூங்கியிருக்காங்க" என்றார்.

கம்ப்யூட்டர் பார்த்தது வேறு, திரை காட்டியது வேறு. நடுவில் கேபிள் ஒன்று இருக்கிறது. இதை அக்கா அழுதுகொண்டே சொன்னாள். ஒருவருக்கும் ஏறவில்லை. திங்கட்கிழமை விசாரணை. வேலை போவது பெரிதில்லை. ஒரு மனிதனைத் தூங்கிக் கொன்றவள் என்ற பேர் வரும். விசிலின் மனைவி தெருவில் எதிரே வந்தவள், இவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாளாம்.

"அது எப்பெப்போ இருட்டாகும்? யோசிச்சுச் சொல்லு" என்று கேட்டான் மச்சான்.

அவள் யோசித்தாள். "கீழ டொக்குன்னு ஒரு சத்தம் வரும்டா. அப்புறம் உர்ருன்னு... அப்பத்தான்."

கம்ப்ரஸர். அது கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் கட்டியிருந்த அந்த ஜாயின்ட் கேபிள் செத்துப் பிழைத்திருக்கிறது. மச்சான் நேரே போய் தொலைநோக்கின் மேஜையைத் தட்டினான். "ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து நில்லுங்க. உங்க கண்ணு முன்னாடி காட்டறேன்" என்றான். அதற்காகத்தான் அந்த ஸ்கூட்டர், அந்த வெயில்.

தொலைநோக்கு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அக்கா தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு திரைகளும் எரிந்தன. நாலாவது, கண்ணாடி மாதிரி இருந்தது. பத்து நிமிஷம்... அரை மணி... ஒரு சிமிட்டல் இல்லை. மச்சான் மூன்றாவது கேபிளையும் நாலாவது கேபிளையும் மாற்றிச் செருகினான், திரும்பப் பழையபடி செருகினான். ஆட்டினான். படத்தின் அளவைக் கூட்டினான், குறைத்தான். சீலிங்கில் ஏறி ஜாயின்ட்டை உதறினான். தலையெல்லாம் தூசி. படம் அசையவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. டொக் சத்தமே வரவில்லை.

"சார், கம்ப்ரஸர் ஓடலையே?"

"அணைச்சு வெச்சிருக்கோம். மறைந்த ஊழியருக்குச் செலுத்துற மரியாதை" என்றார் தொலைநோக்கு. கோட்டுப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்துக் காட்டினார். "இதோ, நானே கழட்டி வெச்சிருக்கேன்."

"ரெண்டு நிமிஷம் போடுங்க சார். ரெண்டே நிமிஷம். கேபிள் செத்துப்போறதை நீங்களே பாப்பீங்க."

"ஒரு மனுஷன் உயிர் விட்ட இடம் தம்பி. அங்க போய் மிஷினை ஓட்டச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசாட்சி இல்ல?"

மச்சான் வாயைத் திறந்தான். என்ன சொல்லியிருப்பானோ, மாடி வீட்டுக் குழந்தைகள் இருப்பதால் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் சொல்லவில்லை. ஏனென்றால் அப்போது...

டொக்.

கீழேயிருந்து. பிறகு... உர்ர்ர்ர்... மேஜைமேல் பேனா மெல்ல உருண்டது.

தொலைநோக்கு தன் கையைப் பார்த்தார். ஃபியூஸ் அதில்தான் இருந்தது.

நாலாவது திரை இருண்டது. மற்ற ஐந்தும் அப்படியே.

"பாத்தீங்களா! பாத்தீங்களா சார்!" என்று மச்சான் துள்ளினான். பாவம், அவனுக்கு அந்த நொடியில் பேயெல்லாம் தோன்றவில்லை. அக்கா பிழைத்தாள் என்றுதான் தோன்றியது. பிறகுதான் அறையில் அந்த வாடை. ஈர அட்டைப்பெட்டி... பழைய ஐஸ்... வெளியே தார் உருகுகிறது, உள்ளே அக்காவின் வாயிலிருந்து புகை வந்தது.

படம் திரும்பி வந்தது. கதவு. ஆனால் அதே கதவு இல்லை. உறைபனி படிந்திருந்தது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. அது கதவின் உள்பக்கம். குளிரறைக்குள்ளே கேமரா என்று ஒன்று கிடையவே கிடையாது.

கதவின் முன்னால் ஒருவர், முதுகு காட்டி, தோளால் கதவை இடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை... இன்னொரு தடவை... திரையில் ஒலி வராது. ஆனால் ஒவ்வொரு இடிக்கும் இவர்கள் காலடியில் தரை லேசாக அதிர்ந்தது.

"கழட்டு! அதைக் கழட்டு!" என்று கத்தினார் தொலைநோக்கு.

மச்சான் திரையின் பின்னால் கைவிட்டுக் கேபிளைப் பிடுங்கினான். படம் போகவில்லை. மாடிப்படியில் உருண்டு புரண்டு கீழே ஓடி, கம்ப்யூட்டர் பக்கத்து முனையையும் பிடுங்கினான். அந்த முனை விரலில் ஒட்டிக்கொண்டதாம், ஐஸ் டப்பா ஒட்டுமே, அப்படி. மேலே வந்து பார்த்தால்... படம் இருக்கிறது. கேபிள் இரண்டு பக்கமும் தொங்குகிறது.

"இருங்க. கேபிளே இல்லாம படம் எப்படி சார் வரும்?" டார்ச் மறுபடி என் முகத்துக்கு வந்தது.

கணக்கு வாத்தியார் சார், அது தெரிந்தால் நான் ஏன் இந்த இருட்டில் உட்கார்ந்து உங்கள் டார்ச்சில் கதை சொல்கிறேன்?

திரையில் இருந்தவர் இடிப்பதை நிறுத்தினார். மெல்லத் திரும்பினார். முகத்தில் மீசையெல்லாம் வெள்ளையாகப் பனி. உதடு குவிந்திருந்தது. விசில்... சத்தம் திரையிலிருந்து வரவில்லை. சீலிங்குக்கு மேலேயிருந்து, அந்த ஜாயின்ட் இருந்த இடத்திலிருந்து, மெலிசாக வந்தது. பிறகு அவர் நேராகப் பார்த்து வலது கையைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். காத்துக்கொண்டு.

தொலைநோக்கு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

அக்கா எழுந்தாள். தன் வலது கையைத் தூக்கினாள்.

"பாத்துட்டேன் அண்ணே... இப்பத்தான் பாக்கறேன்..."

அவர் கையை இறக்கினார். உர்ர் சத்தம் நின்றது. திரையில் பழையபடி கதவின் வெளிப்பக்கம், மரக்கட்டை, காலி நடைவழி. மச்சான் கேபிளைத் திரும்பச் செருகவில்லை. எதிரில் ஒரு சாட்சி இருக்கிறார், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர், இனி எதற்குக் கேபிள் என்று அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

திங்கட்கிழமை சாட்சி எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கேபிளை நானே நேர்ல நின்னு சோதிச்சேன். ரெண்டு முனையையும் கழட்டின பிறகும் படம் தெளிவா வந்துச்சு. இதைவிட நல்ல கேபிள் எங்க கிடைக்கும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கூட, கழற்றிய கேபிளில் படம் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. மச்சான் நாற்காலியைத் தூக்கினான். இரண்டு பேர் அவனை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அக்காவுக்கு வேலை போனது. தூங்கியவள் என்ற பேரும் நின்றது. விசிலின் மனைவி இன்றுவரை அவளிடம் பேசுவதில்லை.

போன வாரம் அந்த நாற்காலிக்குப் புதிதாக வந்த பெண் அக்காவுக்குப் போன் செய்தாளாம். ஏதோ சாவி எங்கே என்று கேட்க. பேச்சோடு பேச்சாக அக்கா, "நாலாவது டீவி இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

"சூப்பரா இருக்குக்கா. ஒரு தடவை கூட இருட்டாகல. பின்னாடி ஒரு வயர் சும்மா தொங்குது, அது எதுக்குன்னு தெரியல. ஆனா பொட்டி தூக்கறவங்க யாராவது உள்ள போனா மட்டும், அவங்க வெளிய வர்ற வரைக்கும் எங்கயோ விசில் சத்தம் கேக்குதுக்கா."

கைப்பிடி இன்னும் போடவில்லை.