நீண்ட சைரன்

எங்கள் குவாரியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் மத்தியானத்துக்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, ஐயா. சைரன் விட்டுவிட்டு ஊதினால் மாட்டை இழுத்துக் கொட்டகையில் கட்டுவார்கள். காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். வெடிச் சத்தம் அடங்கி, நீளமாக ஒரு சைரன் வந்த பிறகுதான் கதவைத் திறப்பார்கள். அதற்குள் சோறு வெந்திருக்கும். அது நல்ல பழக்கம். அவர்களுக்கு அதைப் பழக்கியவன் நான்.

ஓசூருக்குள் நுழையும்போது தூண் தூணாக நிற்கிறதே ஒரு மேம்பாலம், அதைக் கட்டுவது எங்கள் நிறுவனம். வெளிவட்டச் சாலையில் பாதி எங்களுடையது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்திலும் வேலை நடக்கிறது. அத்தனைக்கும் ஜல்லி, கெலமங்கலம் பக்கத்தில் இருக்கும் இந்த ஒரு பாறையிலிருந்து போகிறது. இங்கே பாறை உடையாவிட்டால் அங்கே கலவை ஓடாது, கலவை ஓடாவிட்டால் தூண் ஏறாது. அதனால் காலையிலேயே போன் வந்துவிடும். அவசரம் இல்லாத நாள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரிய வேலை என்றால் அப்படித்தான்.

வெடி வைக்கும் உரிமம் என் பெயரில் இருந்தது. விதி எளிமையானது. முதலில் எச்சரிக்கைச் சைரன். ஆட்கள் ஒதுங்கியதும் வெடி. புகை அடங்கியதும் வெடி வைத்தவர் உள்ளே இறங்கி, எல்லாக் குழியும் வெடித்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு குழி வெடிக்காமல் நின்றுவிட்டால், வெடிமருந்து அப்படியே உள்ளே இருக்கும். இரும்பு பட்டால் போதும். ஆகவே எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் நீண்ட சைரன். அது ஊதாமல் ஒரு ஆள் உள்ளே கால் வைக்க மாட்டான். ஊதிவிட்டால் எவனும் நின்று யோசிக்கவும் மாட்டான்.

சைரன் வருவதற்கு முன் வாயால்தான் கத்த வேண்டியிருந்தது. நான் 'தூரப் போங்க' என்று தமிழில் கத்துவேன். ஆஞ்சப்பன் என் பக்கத்தில் நின்று தெலுங்கில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம் கத்துவான். "தூரம் பொண்டி... தூர ஹோக்ரீ..." எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது. அவன் இந்த ஊர்க்காரன். குவாரி வந்தபோது முதல் ஆளாக நிலத்தைக் கொடுத்தவன், என் பேச்சை நம்பித்தான் கொடுத்தான். பிறகு நிறுவனத்தில் பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொண்டான். அந்த இயந்திரத்துக்கு 'மருமகன்' என்று பெயர் வைத்திருந்தான்.

"தின்றது ஜாஸ்தி குரு. வேலைன்னா மட்டும் நாம போயி எழுப்பணும்" என்பான்.

சாப்பாட்டு நேரத்தில் என்னை வம்புக்கு இழுப்பான். "நீ சைரன் ஊதுனாத்தான் எங்கூட்ல அடுப்பு எரியுது. நீ லீவு போட்டா நாங்க பட்டினிப்பா."

நான் சிரிக்கும் மனிதன் அல்ல. அவன் சொன்னால் சிரிப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கம் அவனுக்கு உண்டு. குவாரிக்குப் பூஜை போட்ட அன்று ஈசானிய மூலையில்தான் நாங்கள் இருவரும் முதல் கல்லைப் பெயர்த்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அவன் பொக்லைனை நேராக அந்த மூலைக்குத்தான் ஓட்டுவான். அங்கே ஒரு கல்லையாவது தொட்டுவிட்டுத்தான் வேறு பக்கம் திரும்புவான். எஞ்சினியர்கள் கேலி செய்வார்கள். அவன் மாறவில்லை.

போன கோடையில் ஒரு விபத்து நடந்தது. வெடியில் பறந்த கல் ஒன்று, வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கெம்பம்மாவின் தோளில் விழுந்தது. உயிர் போகவில்லை. வலது கை மட்டும் இனி தூக்க வராது என்றார்கள். கெம்பம்மா ஆஞ்சப்பனுக்கு அக்கா. அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவர். சைரன் ஊதவே இல்லை என்று அவர் சொன்னார். வலியில் இருப்பவர்கள் பலதும் சொல்வார்கள்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் திட்ட மேலாளர் சுபாஷ் சார் முன்பே எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "குருமூர்த்தி ஊதினேன்னு சொல்லட்டும். ஆஞ்சப்பன், நீங்க கேட்டேன்னு சொல்லுங்க. உங்க அக்கா வைத்தியத்தைக் கம்பெனி பாத்துக்கும். ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னா இதோட முடிஞ்சிடும்."

ஆஞ்சப்பன் தலையாட்டினான். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விசாரணை அறையில் நான் ஊதினேன் என்று சொன்னேன். பிறகு அவனைக் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"இல்லீங்க சார். சைரன் வரல" என்றான்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "காதுல விழல குரு. விழாதத விழுந்துச்சின்னு எப்பிடிப்பா சொல்றது? உம்மேல எனக்குக் கோவம் இல்ல. எங்கக்காவ நீ ஒரு தரம் வந்து பாத்திருக்கலாம்."

டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அதன் பிறகு அவனோடு பேசவில்லை. அவன் மட்டும் தினமும் காலையில் சைரன் கம்பத்தைத் தாண்டும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான். தவறு செய்தவன் எப்படி அவ்வளவு சாதாரணமாகக் கையைத் தூக்க முடியும் என்று நான் யோசித்திருக்கிறேன். நாள் முழுக்க அதையே யோசித்த நாட்களும் உண்டு.

நிறுவனம் என்னை வெளியே அனுப்பவில்லை. வெடி வைக்கும் வேலையை ஹரீஷ்குமார் என்ற இளைஞனிடம் கொடுத்தார்கள். ராயக்கோட்டைக்காரன், நல்ல பையன். எனக்கு ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றைக் கொடுத்து, மேட்டில் சைரன் கம்பத்துக்குக் கீழே உட்கார வைத்தார்கள். அவன் வாக்கிடாக்கியில் சொல்வான், நான் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பாறையில் பாதியை உடைத்தவன் நான். உரிமம் வாங்க வேலூருக்கு நடந்த நடை எனக்குத்தான் தெரியும். வருத்தப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வெடி நன்றாகவே போனது. புகை அடங்கியதும் ஹரீஷ்குமார் உள்ளே இறங்கினான். சிறிது நேரத்தில் வாக்கிடாக்கி பேசியது.

"அண்ணா, ஈசானிய மூலையில ஒரு குழி நிக்குது. வெடிக்கல. சைரன் போட்டுடாதீங்க. நான் மருந்து அறைக்குப் போயி சாமான் எடுத்துட்டு வந்துடறன். சரீங்களாண்ணா?"

"சரிப்பா" என்றேன்.

அவன் ஜீப் மண் ரோட்டில் இறங்கிப் போனது. மேட்டில் இருந்து எல்லாம் தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் பொக்லைன் நின்றது. ஆஞ்சப்பன் அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் இடத்திலிருந்து குழி தெரியாது. சைரன் மட்டும்தான் கேட்கும்.

காற்றே இல்லை. அப்படி ஒரு அமைதி அந்தக் குவாரியில் அபூர்வம். நான் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இவனுக்குச் சைரன் கேட்காது அல்லவா, கேட்கிறதா பார்ப்போம் என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை.

நீளமாக அழுத்தினேன்.

கேட்டது. உடனே எழுந்தான். கையைத் துண்டில் துடைத்தான். மேட்டைப் பார்த்து வழக்கம்போலக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான். வாக்கிடாக்கியில் ஹரீஷ்குமார் கத்தினான். "அண்ணா, எதுக்கு ஊதுனீங்க? அண்ணா, எல்லாரையும் நிறுத்துங்க. அண்ணா..." எச்சரிக்கைச் சைரனை அடித்திருந்தால் ஆஞ்சப்பன் நின்றிருப்பான். அதற்கு நேரம் இருந்தது. நான் வாக்கிடாக்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

அவன் நேராக ஈசானிய மூலைக்குத்தான் போனான்.

கல் பொறுக்கும் செல்வம்மாள் தண்ணீர்க் குடத்தோடு இயந்திரத்துக்குப் பின்னால் நடந்து வந்திருக்கிறார். அவரும் சைரனைக் கேட்டுத்தான் வந்தார். அவனோடு அவரும் இறந்தது எனக்கு நேற்றுதான் தெரியும். அவரைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

நேற்று சுபாஷ் சார் என்னைப் பார்க்க இந்த ஸ்டேஷனுக்கு வந்தார். "ஒயர் ஷார்ட் ஆகி சைரன் தானா ஊதிடுச்சின்னு சொல்லுங்க குருமூர்த்தி. உங்களுக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது" என்றார். முடியாது என்றேன். சைரனில் எந்தக் கோளாறும் இல்லை. மற்றவர்களைப் போல நான் பொய்சாட்சி சொல்பவன் அல்ல. ஒரு குழி உயிரோடு இருப்பது தெரிந்து, அவன் எந்த மூலைக்குப் போவான் என்பதும் தெரிந்து, நான்தான் அழுத்தினேன்.

ஆஞ்சப்பன் எனக்குச் செய்ததையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் அதைப் படிக்க வேண்டும்.

போன கோடையைப் பற்றி மறுபடியும் கேட்கிறீர்கள். அன்று மின்சாரம் இல்லை. பேட்டரியும் இறங்கிவிட்டது. பாலத்துக்கு ஜல்லி வேண்டுமென்று காலையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எல்லோருக்கும் வெடி நேரம் தெரியும், ஒரு நாள் வாயால் கத்தாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டேன். ஆமாம் ஐயா, சைரன் ஊதவில்லை. ஆனால் நண்பன் என்றால், அது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.