அருளாயி சுட்ட வளையப் பணியாரம்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தரங்கம்பாடிக் கோட்டையில வெள்ளைக்காரக் கொடி பறந்த நாள்ல, நம்ம புங்கடிக்குப்பத்துல அருளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசனைக் கடல் கொண்டு போயிருச்சு. இருந்தது ஒரே மவ, பேரு ஞானப்பூ. கோட்டைக்குள்ள ஒரு தொரைசானி வீட்டுல சமையல் வேலை செஞ்சுதான் மவளை வளத்தாளாம்.

அந்தத் தொரைசானி நார்வேங்கிற தேசத்துக்காரி. பனி கொட்டுற ஊராம். அங்க கல்யாணம்னா ஒரு பணியாரம் சுடுவாங்களாம். வாதாம்பருப்பை அரைச்சு, சீனி போட்டு, முட்டையில வெள்ளையை மட்டும் ஊத்திப் பிசைஞ்சு, வளையம் வளையமா சுட்டு அடுக்குவாங்களாம். அடியில பெருசு, மேல போகப் போக சிறுசு. பாத்தா மாதாகோயில் கூம்பு மாதிரி நிக்குமாம்.

தொரைசானி சொன்னாளாம், "அருளாயி, இதைப் பொண்ணைப் பெத்தவ சுடணும். பொண்ணும் மாப்பிள்ளையும் மேல் வளையத்தைத் தூக்கணும். அதோட ஒட்டிக்கிட்டு எத்தனை வளையம் வருதோ, அத்தனை புள்ளை."

"என் மவளுக்கும் சுடுவேன்"னு சொன்னாளாம் அருளாயி. கப்பல்ல வர்ற பருப்புக்கு அவ எங்க போவா? கரையில நாட்டு வாதாமரம் நிக்குதுல்ல? ஞானப்பூவுக்கும் அதே குப்பத்துப் பையன் யாக்கோபுக்கும் கல்யாணப் பேச்சு முடிஞ்சதுலேர்ந்து, தாயும் மவளும் வாதாங்கொட்டை பொறுக்கினாங்க. பொறுக்கினாங்க, காய வச்சாங்க, கல்லால உடைச்சாங்க. உள்ள துளியூண்டு பருப்பு. விரல் நசுங்கினாலும் மவ சிரிப்பாளாம்.

"ஏம்மா, இம்புட்டுப் பாடுபட்டு அவருக்கா திங்கக் குடுக்கணும்?"

"உனக்குத்தான்டி."

பானை நெறைஞ்சுது. கல்யாணத்துக்கு நாளும் வச்சாச்சு. அப்பத்தான் குப்பத்துல வாந்திபேதி வந்துச்சு. காலையில தண்ணிக்குப் போன பொண்ணு, பொழுது சாய நெனவில்லாம கெடந்தா. ஆத்தா கையைப் புடிச்சுக்கிட்டே போயிட்டா. கல்யாணச் சீலையையே போத்தி, சவுக்குத் தோப்புப் பக்கம் மணல்மேட்டுல பொதைச்சாங்க. அருளாயி அழலையாம். ஒரு சொட்டு அழலையாம்.

வருசம் திரும்புச்சு. யாக்கோபுக்கு எஸ்தருன்னு ஒரு தாயில்லாப் பொண்ணைப் பேசினாங்க. யாக்கோபு வந்து அருளாயி வாசல்ல நின்னான்.

"அத்தை, நீங்க வேணாம்னா நான் கட்டலை."

அருளாயி கேட்டாளாம், "அந்தப் புள்ளைக்குப் பணியாரம் சுட யாரு இருக்கா?"

"யாருமில்லை, அத்தை."

உள்ள போனா. பானையை எறக்கினா. மவ உடைச்ச பருப்பு. அரைச்சா, பிசைஞ்சா, மண்சட்டிக்கு அடியிலயும் மூடி மேலயும் தணலைப் போட்டுச் சுட்டா.

கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேரும் மேல் வளையத்தைத் தூக்கினா, ஒட்டிக்கிட்டு மூணு வந்துச்சாம். "மூணு புள்ளைடா யாக்கோபு!"ன்னு ஊரே கைதட்டுது. அந்த மூணும் என் மவ வயித்துல பொறக்க வேண்டியதாச்சேன்னு நெனச்சாளாம் அருளாயி. சத்தமில்லாம எந்திரிச்சுப் போயிட்டா.

தேடிப் போனது யாரு தெரியுமா? எஸ்தரு! மாலையும் கழுத்துமா மணல்மேட்டுக்கே போயிட்டா.

"கல்யாணப் பொண்ணு இங்கல்லாம் வரக்கூடாதும்மா, போயிரு."

"அக்காவுக்குக் குடுக்காம எனக்குத் தொண்டையில எறங்கலைம்மா." கையில இருந்த மேல் வளையத்தை மணல்ல வச்சாளாம். "அக்கா, உன்னுது எனக்கு வந்துருச்சு. கோவிச்சுக்காத."

அப்பத்தான் அருளாயி வாயைத் தொறந்து கத்துனாளாம். "அவ ஒரு வாய் திங்கலையே! உடைச்சதெல்லாம் அவதானே, ஒரு வாய் திங்கலையே!" பந்தல்ல மேளம் நின்னு போச்சாம்.

அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் குப்பத்துக் கல்யாணத்துக்கெல்லாம் அருளாயிதான் சுட்டாளாம். தான் ஒரு துண்டுகூட வாயில வச்சதில்லையாம்.

அதான் அந்த மேட்டுக்கு வளையமேடுன்னு பேரு. இன்னிக்கும் நம்ம ஊருக் கல்யாணப் பொண்ணு, புருசன் வீட்டுல கால் வைக்கிறதுக்கு முந்தி, மேல் வளையத்தை எடுத்துக்கிட்டு அங்க போறா. மேளம் அடிக்க மாட்டாங்க. யாரும் கூடப் போக மாட்டாங்க, தூர நின்னு பாக்குறதோட சரி. மணல்ல வச்சுட்டு, "ஞானப்பூ அக்கா, சாப்புடு"ன்னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம வந்துரணும்னு வழக்கம்.

திரும்பிப் பாக்காம வந்த பொண்ணை நான் இதுவரைக்கும் கண்டதில்லை.